ஓக் என்று பேர் வைத்தால் ஓக் ஆகிவிடுமா?

ஏற்காட்டுக்கு சீசனில் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கரடியூர் வியூ பாயிண்ட்டுக்கும் வந்துவிட்டுத்தான் போவார்கள். வழி நெடுக காப்பித் தோட்டத்துக்குள் நெடுநெடுவென்று நிற்கிற மரங்களைக் காட்டி, "இதுதானே ஓக் மரம்? இங்கிலீஷ் படத்துல எல்லாம் வருமே" என்று கேட்பார்கள். போன கோடை விழா சமயத்தில் ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, ரோட்டோர நர்சரியில் வாங்கிய செடியைக் கொண்டுவந்து காட்டினார். அபூர்வமான ஓக், அழகுக்கு வைக்கிற மரம் என்று சொல்லி 400 ரூபாய் வாங்கிவிட்டார்களாம். பார்த்தால் சில்வர் ஓக் நாற்று! எங்கள் ஊரில் தோட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வாங்கி நடுகிற சாமானிய மரம். இன்னும் எத்தனை பேர் இப்படி வாங்கிப் போகிறார்களோ என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நிஜ ஓக் ஒன்று எங்கள் வீட்டுப் பின்கட்டில் வளர்கிறது, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலில் சில்வர் ஓக். இது ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்து மரம். ஓக் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில். அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்கு நிழல் வேண்டும் என்று இந்த மரம் நம் நாட்டு மலைகளுக்கு வந்தது. பலகையாக அறுத்தால் ஓக் பலகையில் இருக்கிற மாதிரியே மினுமினுவென்று ரேகை ஓடும். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து சில்வர் ஓக் என்று வெள்ளைக்காரன் பேர் வைத்துவிட்டான். செடி நூலில் இதற்கு 'கிரெவில்லியா ரொபஸ்டா' என்று பேர். ரொபஸ்டா என்றால் உறுதியானது என்று அர்த்தமாம். காற்றடிக்கிற ராத்திரியில் இந்த மரத்தின் கிளை ஒடிந்து விழுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டால் சிரிப்புதான் வரும்.

இப்படிச் சொல்வதால் அந்த மரத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களைப் போன்ற சின்னத் தோட்டக்காரர்களுக்கு சில்வர் மரம்தான் பாங்கு. வேகமாக வளரும், நேராகப் போகும். பக்கக் கிளையைக் கழித்துவிட்டால் காப்பிக்கு வேண்டிய வெயில் கீழே இறங்கும். தண்டு சொரசொரப்பாக இருப்பதால் மிளகுக் கொடி நன்றாகப் பற்றிக்கொண்டு ஏறும். கொடியை மரத்தின் வடக்குப் பக்கம் நட வேண்டும், தெற்கு வெயில் இளங்கொடியைக் காய்ச்சிவிடும். ஆரஞ்சு நிறத்தில் சீப்பு மாதிரி பூ பூக்கும்போது மரம் பூராவும் தேனீ மொய்க்கும். என் மாமனார் வைத்த மரத்தில் இரண்டை விற்றுத்தான் 2019-இல் அவருக்கே ஆபரேஷன் செய்தோம். தனக்குத் தானே வைத்தியச் செலவை நட்டு வைத்திருந்தார் என்று அத்தை இன்றும் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. சில்வர் மரத்து இலையும் மரத்தூளும் சிலருக்குத் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். கிளை கழிக்கும்போதும், விறகு உடைக்கும்போதும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

இனி நிஜ ஓக்குக்கு வருகிறேன். உலகத்தில் ஓக்கில் நூற்றுக்கணக்கான ஜாதி உண்டு. ஆனால் நம் தென்னாட்டு மலைகளில் ஒன்றுகூடத் தானாக வளருவது கிடையாது. இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான் ஓக் காடுகள். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்றால், கொட்டையைப் பார்க்க வேண்டும். சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார வைத்த மாதிரி, அடியில் ஒரு தொப்பியோடு கொட்டை இருந்தால் அது ஓக். சில்வர் மரத்துக்குப் படகு மாதிரி சின்னக் காய், அதற்குள் இறக்கை வைத்த மெல்லிசு விதை. நாற்றாக இருக்கும்போது இலையே காட்டிக்கொடுத்துவிடும். பெரணிச் செடி மாதிரி கீறிக் கீறி இருந்தால் சில்வர் ஓக்தான். நர்சரிக்காரர் என்ன சத்தியம் பண்ணினாலும் நம்ப வேண்டாம்.

ஓக் மரத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்கிறோமே தவிர, அது நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற உரை மருந்தில் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு மாசிக்காய் என்று ஒன்று சேர்ப்பார்களே, நினைவிருக்கிறதா? காய் என்று பேரே தவிர அது காயே இல்லை. துருக்கி, ஈரான் பக்கத்தில் வளருகிற ஒருவகைக் குட்டை ஓக் மரத்தின் கிளையில் சின்னக் குளவி ஒன்று முட்டையிடும். அந்த இடம் உருண்டையாக வீங்கிக் கெட்டியாகிவிடும். அதுதான் மாசிக்காய். எங்கிருந்தோ கப்பலேறி வந்து நாட்டுமருந்துக் கடை டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது! (கைக்குழந்தைக்கு ஆறு மாசம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நானும் என் சின்னவனுக்கு உரை மருந்து கொடுக்கவில்லை.) அதே மாதிரி ஓக் டசர் என்று ஒரு பட்டு உண்டு. மணிப்பூரிலும் இமயமலைப் பக்கமும் ஓக் இலை தின்கிற பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து எடுப்பது. கண்காட்சியில் டசர் புடவை வாங்குகிறவர்கள் இனி எந்த மரத்து டசர் என்று கேட்டுப் பாருங்கள். அர்ஜுன் மரமான நம்ம மருத மரத்து இலை தின்கிற டசர் வேறு.

எங்கள் வீட்டுக்கு ஓக் வந்தது நாத்தனார் புண்ணியத்தில். அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். உத்தராகண்டில் ராணிகேத் என்ற மலை ஊரில் வேலையாக இருந்தபோது குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்தப் பக்கம் பாஞ்ச் என்று ஒரு ஓக். எங்கள் பிள்ளைகளுக்கு விளையாடக் கொட்டை பொறுக்கி வருகிறேன் என்று நாத்தனார் போனில் சொன்னபோது, முளைக்கிற மாதிரி கொண்டு வரச் சொன்னேன். ஓக் கொட்டையைக் காய வைத்தால் செத்துவிடும். நெல், அவரை மாதிரி டப்பாவில் போட்டு அடுத்த வருஷம் விதைக்க முடியாது. அதனால் தகர டப்பாவில், அந்த மரத்தடியிலிருந்தே எடுத்த ஈர இலை மக்கோடு கொட்டையைப் பொதித்துக் கொண்டுவந்தார்கள். காட்கோதாமில் ரயிலேறி, டில்லி வந்து, சேலம் வந்து, பஸ்ஸில் மலையேறி, ஐந்து நாள். 2019 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம்.

பதினாலு கொட்டை. தண்ணீரில் போட்டதில் நாலு மிதந்தது, உள்ளே பூச்சி இருந்தால் மிதக்கும் என்று தூக்கிப் போட்டுவிட்டேன். மீதியைப் படுக்கை வாட்டத்தில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினேன். ஓக் முதலில் கீழே வேரை விடும், அப்புறம்தான் மேலே தலை காட்டும். அதுவும் ஆணிவேர். அதனால் காப்பி நாற்றுக்கு வைக்கிற சின்னக் கவர் போதாது. பழைய அரிசிச் சாக்கை முழ உயரத்துக்கு வெட்டித் தைத்து, செம்மண், மணல், மக்கின தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்பி, அந்த டப்பாவில் வந்த மக்கையும் மேலே தூவினேன். ஓக் வேரோடு ஒருவகைப் பூஞ்சை சேர்ந்து வாழும், மண்ணிலிருந்து சத்தை இழுத்துக் கொடுக்கும். தாய் மரத்தடி மண்ணில் அது இருக்கும் என்பதால்தான் கைப்பிடி மண் முக்கியம்.

ஏழு வாரம் ஒன்றுமே இல்லை. எங்க வீட்டுக்காரர் தினமும் சாக்கைப் பார்த்து, "மண்ணுக்குத் தண்ணி ஊத்தி வளர்க்கிறே, நல்லா வளருது" என்று கிண்டல். மார்ச் கடைசியில் ஐந்து முளைத்தது. இரண்டை எலி தின்றது, அப்புறம்தான் கம்பி வலை போட்டேன். இன்னும் இரண்டு அடுத்த வெயிலில் போய்விட்டது. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. மாமனார் வைத்தியத்துக்காக அனுமதி வாங்கி வெட்டின இரண்டு சில்வர் மரமும் சமையல்கட்டுக்குப் பின்னால் நின்றவை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. எங்க வீட்டுக்காரருக்கு அங்கே மறுபடியும் சில்வர் மரமே வைத்து, மரத்துக்கு இரண்டு மிளகுக் கொடி ஏற்ற வேண்டும். "நாலு காசு ஆகுற மரத்தை விட்டுட்டு, பேரன் காலத்துல காய்க்கிற மரத்தை வைக்கணுமாக்கும்? காய்ச்சாலும் அணில்தானே திங்கும்?" என்றார். அவர் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. மிளகுக் காசில்தான் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுகிறோம். எனக்கோ அந்த இடம் வேண்டும். ஏனென்றால் அதற்கு மேட்டில் எங்கள் ஊற்றுக் குழி இருக்கிறது. கோடையில் அது வற்றிவிட்டால் குடம் தூக்குவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நாத்தனார் ராணிகேத்தில் பார்த்ததைச் சொன்னது எனக்கு அப்போது ரொம்ப உதவியாக இருந்தது. அங்கே பெண்கள் பாஞ்ச் இலையைத் தலை மறைகிற அளவுக்குக் கட்டாகக் கட்டி மாட்டுக்குத் தூக்கி வருவார்களாம். பாஞ்ச் காட்டுக்குக் கீழே ஊற்று வற்றாது என்பது அந்த ஊர்ப் பெண்களின் பேச்சு. உதிர்ந்த இலை மெத்தை மாதிரி மக்கி, மழைத் தண்ணியை ஓட விடாமல் பிடித்து வைக்கிறது. பக்கத்திலேயே பைன் மரக் காட்டில் ஊசி இலை காய்ந்து சறுக்கிக் கிடக்கும், வெயில் காலத்தில் நெருப்பும் பிடிக்கும்.

இந்த பாஞ்ச் காட்டுக்காகவே பெண்கள் நின்ற கதை ஒன்று உண்டு. சிப்கோ என்று மரத்தைக் கட்டிப் பிடித்த போராட்டம் நமக்குத் தெரியும், 1974-இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவி முன்னால் நின்றார். அதே சமோலி மாவட்டத்தில் 1980-இல் டூங்கிரி பைந்தோலி என்ற ஊரில் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. ஊரின் பாஞ்ச் காட்டை வெட்டி உருளைக்கிழங்குப் பண்ணை வைக்க அரசுத் துறை கேட்டது. ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும், கரண்ட் வரும் என்று ஊர் ஆண்கள் சரி சொல்லிவிட்டார்கள். பெண்கள் முடியாது என்றார்கள். காடு போனால் விறகுக்கும் இலைக்கும் மைல் கணக்கில் நடக்கப் போவது அவர்கள்தானே. சொந்த வீட்டு ஆண்களை எதிர்த்து நின்று காட்டைக் காப்பாற்றினார்கள். ரோடும் ஆஸ்பத்திரியும் வேண்டாத பெண்கள் யாராவது இருப்பார்களா? அதையும் மீறி மறுத்தார்கள் என்றால் அந்த மரம் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இதையெல்லாம் எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது காடு. நீ வைக்கிறது ஒத்தை மரம்" என்றார். அதுவும் சரிதான், ஒற்றை மரத்தால் ஊற்று பெருகிவிடப் போவதில்லை. கடைசியில் பேச்சை முடித்து வைத்தது அத்தைதான். "சமையல்கட்டுக்கு மேல இனிமே சில்வர் மரம் வேண்டாம்டா. காத்தடிச்சா ராத்திரி பூரா கண்ணை மூட முடியல" என்று ஒரே வார்த்தை. சில்வர் நாற்று நாலும் தோட்டத்துக் கீழ் எல்லைக்குப் போனது, அவர் ஆசைப்படி மிளகுக் கொடியோடு. ஓக் பின்கட்டுக்கு வந்தது, 2020 ஜூன் மாத மழையில். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கீழே சில்வர் மரம் இப்போது வீட்டு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, ஓக் என் தோளைத்தான் தொடுகிறது.

ஆனால் அழகென்றால் அழகு. மார்ச் மாதம் புதுத்துளிர் விடும்போது இலை ஒருவித ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் இருக்கும், தொட்டால் பூனைக்காது மாதிரி மெத்தென்று. போகப் போகப் பச்சையாகித் தடித்து, ஓரத்தில் ரம்பப் பல் வந்துவிடும். அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். காற்று வந்தால் அப்படியே வெள்ளியாகப் புரளும். சில்வர் மரத்து இலையும் அடிப்பக்கம் வெள்ளிதான். இரண்டு இலையையும் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சில்வர் ஓக் என்ற பேர் இந்த மரத்துக்கல்லவா பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சேலம், ஈரோடு, சென்னையில் இது வேண்டாம். பாஞ்ச் அதன் சொந்த ஊரில் சுமார் 4000 அடியிலிருந்து 7500 அடி வரை வளருகிற மரம், ஏற்காடே சுமார் 5000 அடிதான். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் சகோதரிகள் தாராளமாக முயற்சி செய்யலாம். தண்ணீர் தேங்காத சரிவாக இருக்க வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு அரை நிழலும், மார்ச், ஏப்ரலில் வாரம் இரண்டு குடம் தண்ணீரும் போதும். எங்கள் பக்கம் இப்போது காட்டெருமை வீட்டு வாசல் வரை வருகிறது, அதனால் நாலு கம்பு நட்டுச் சுற்றிலும் முள்வேலி கட்டியிருக்கிறேன். வேரடியைக் கொத்தக் கூடாது, உதிர்ந்த இலையைக் கூட்டவும் கூடாது. அத்தைக்கு அது மட்டும் பிடிக்கவில்லை, பின்கட்டு குப்பையாக இருக்கிறதாம்.

எந்த மரமாக இருந்தாலும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சில்வர் மரமென்றால் அது எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தள்ளி. மலையில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நம் தோட்டத்து மரம்தானே என்று கோடரியை எடுக்காமல் முதலில் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். பணம் அவசரமாகத் தேவைப்படும்போதுதான் மரம் விற்போம், அப்போது போய் அனுமதிக்கு அலைந்தால் வியாபாரி விலையை இறக்கிவிடுவான்.

அபூர்வ மரம்தான் வேண்டும் என்றால் ஓக்குக்காக இமயமலை போக வேண்டியதுகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செடி நூலில் சேர்வராயன் மலையின் பேரையே வைத்திருக்கிற ஒரு சிறு மரம் இருக்கிறது, 'வெர்னோனியா சேர்வராயென்சிஸ்' என்று. ஓக்கை விட எத்தனையோ மடங்கு அபூர்வம், இந்த மலைக்கே சொந்தம். ஏற்காட்டில் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தோட்டத்துக்கு ஆர்க்கிட் பூவும் பூச்சி பிடிக்கிற குடுவைச் செடியும் பார்க்கப் போகிறவர்கள், அதைப் பற்றியும் அங்கே கேளுங்கள். பேர் வைத்த மலையில் பிறந்த பிள்ளைகளுக்கே அந்த மரம் தெரியாது.

ஓக் கொட்டை கேட்டு எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மரம் காய்க்க இன்னும் பல வருஷம் ஆகும். காய் பிடித்தாலும் அது பழுக்க அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். வடக்கே ராணிகேத், நைனிடால், முசௌரி பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் டிசம்பர், ஜனவரியில் மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கச் சொல்லுங்கள். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி அனுப்பினால் புழுங்கிப் போகும். ஓட்டை போட்ட தகர டப்பா, ஈர இலை மக்கு, வந்த அன்றைக்கே தண்ணீரில் போட்டுப் பார்த்து ஊன்றிவிட வேண்டும். எலிக்குக் கம்பி வலையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகி, கரடியூர், ஏற்காடு.